மிருதங்கப் பட்டறையின் இணையதளம் தேடலில் வரவில்லை: மெட்டா டேக்குகளை எப்படிச் சரிசெய்வது?

மாடவீதி வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் என் தந்தை 30 ஆண்டுகளுக்கும் மேலாக மிருதங்கம், கஞ்சிரா முதலிய தோல் வாத்தியங்களைச் செய்தும் பழுது பார்த்தும் வருகிறார். சென்ற ஆண்டு தெரிந்தவர் ஒருவர் மூலம் வேர்டுபிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் ஓர் இணையதளம் அமைத்தோம். மொத்தம் 18 பக்கங்கள் இருக்கின்றன. கடையின் பெயரைக் கூகுளில் தட்டினால் முகப்புப் பக்கம் வருகிறது. ஆனால் "மிருதங்கம் ரிப்பேர் மயிலாப்பூர்" என்று தேடினால் எங்கள் தளம் எத்தனை பக்கம் தள்ளிப் பார்த்தாலும் கண்ணில் படவில்லை. மார்கழிக் கச்சேரிகளுக்காக வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் தேடித்தான் பட்டறையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதால், இந்தப் பருவத்துக்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று தவிக்கிறேன்.

தளத்தை வடிவமைத்தவரிடம் கேட்டபோது, மெட்டா டேக் (பக்கத்தைப் பற்றித் தேடுபொறிக்கும் உலாவிக்கும் நிரலுக்குள் எழுதும் குறிப்பு) போட்டால் மேலே வந்துவிடும் என்று சொல்லி, அதற்குத் தனியாக 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி ஏறத்தாழ 80 கீவேர்டுகளை (தேடுசொற்களை) சேர்த்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிறது; எந்த மாற்றமும் இல்லை.

எனக்கு உள்ள ஐயங்கள் இவை. அந்தக் கீவேர்டுகளால் பயன் உண்டா? பக்கத்தின் சுருக்க விளக்கமான டிஸ்கிரிப்ஷனைத் தமிழில் எழுதும்போது எவ்வளவு நீளம் இருக்கலாம்? நான் இரண்டு வரி எழுதியவுடனேயே அளவு மீறிவிட்டது என்று எஸ்இஓ பிளகின் (பக்கத்தைத் தேடலுக்கேற்பச் சீராக்க உதவும் துணைநிரல்) சிவப்புக் கோடு காட்டுகிறது. தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்தில் வைப்பதா? கடைசியாக, சில பக்கங்களின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், விளக்கத்தின் இறுதியில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி போன்ற ஏதோ ஒன்று தெரிகிறது, படமும் வருவதில்லை. இது எதனால்?

தரமணி நிரலர்

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்பு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் கூகுளின் அட்டவணைக்குள்ளேயே (தேடலுக்காக அது சேர்த்து வைக்கும் பக்கப் பட்டியல்) நுழையாமல் இருந்தால், அதற்கு எவ்வளவு அழகாகத் தலைப்பு எழுதினாலும் பயன் இருக்காது. எட்டு மாதமாக எந்த அசைவும் இல்லை என்று நீங்கள் சொல்வதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வந்தது.

கணினியில் உங்கள் சேவைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தின் மூலநிரலைக் காட்டச் சொல்லி, அதில் "ரோபோட்ஸ்" என்ற பெயருடைய மெட்டா டேக் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் "நோஇண்டெக்ஸ்" என்று இருந்தால், இந்தப் பக்கத்தைத் தேடல் முடிவுகளில் காட்டாதே என்று நீங்களே தேடுபொறிக்குச் சொல்கிறீர்கள் என்று பொருள். தளம் கட்டப்படும் காலத்தில் அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியாமல் இருக்க இதைப் போட்டு வைப்பார்கள். திறப்பு விழாவுக்குப் பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். வேர்டுபிரஸில் அமைப்புகளுக்குள் "ரீடிங்" என்ற பகுதியில் தேடுபொறிகளைத் தவிர்க்கும் தேர்வுப்பெட்டி ஒன்று இருக்கிறது. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து அந்தப் பெட்டியில் குறியிட்டால் இந்த மெட்டா டேக்தான் எல்லாப் பக்கங்களிலும் சேர்கிறது. உங்கள் முகப்பு தேடலில் வருவதால் அந்தப் பெட்டி காரணமாக இருக்காது. எஸ்இஓ பிளகினில் பக்க வகை வாரியாக உள்ள அமைப்பையும் பாருங்கள்.

அதோடு, தளத்தின் எந்தப் பகுதிக்குள் தேடுபொறி வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் டெக்ஸ்ட் கோப்பையும் பார்க்க வேண்டும். பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். கோப்பு, இந்த வழியே வராதே என்று தடுக்கிறது. மெட்டா டேக், வந்து படி, ஆனால் பட்டியலில் சேர்க்காதே என்று சொல்கிறது. கோப்பில் வழியை அடைத்துவிட்டால் பக்கத்துக்குள் இருக்கும் டேக்கைக் கூகுள் படிக்கவே முடியாது. வாசற்கதவைப் பூட்டிவிட்டு உள்ளே சுவரில் அறிவிப்பு ஒட்டியதைப் போன்றது அது. ஆகவே ஒரு பக்கத்தை மறைக்க விரும்பினாலும், அந்தக் கோப்பில் வழியைத் திறந்து வைத்துத்தான் நோஇண்டெக்ஸ் போட வேண்டும். அந்தக் கோப்பிலேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதும் பழக்கமும் சிலரிடம் இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

கீவேர்டு டேக் குறித்து நேராகவே சொல்லிவிடுகிறேன். 1990களில் ஆல்டாவிஸ்டா, இன்ஃபோசீக் போன்ற தேடுபொறிகள் அதைப் படித்தன. பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால், பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத சொற்களையெல்லாம் அதில் அடைத்துப் பலர் அதைக் கெடுத்துவிட்டார்கள். வலைத் தேடல் தரவரிசைக்குக் கீவேர்டு டேக்கைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதற்கு 6,000 ரூபாய் வாங்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த 80 சொற்களையும் நீக்கிவிடுங்கள். இழப்பு ஒன்றும் இல்லை.

முதலில் மூலநிரலைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். தளம் தேடலில் எந்த நிலையில் இருக்கிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவு செய்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் ஏன் சேர்க்கப்படவில்லை என்பதற்கான காரணம் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். பதிவு செய்யாவிட்டால் இன்றே செய்துவிடுங்கள், அது இலவசம்.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்

நிரலர் ஐயா சொன்னது முதல் வேலை. அது முடிந்தபின் எழுத்து வேலை இருக்கிறது. அதைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சிறிய கடைகளின் தளங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

டைட்டில் (பக்கத்துக்கு நிரலில் கொடுக்கும் தலைப்பு) என்பது கண்டிப்பாகப் பார்த்தால் மெட்டா டேக் அல்ல, தனி டேக். ஆனாலும் எல்லோரும் இவற்றைச் சேர்த்தே பேசுகிறோம். இவற்றுள் தேடலுக்கு நேரடியாகப் பயன்படுவது அதுதான். டிஸ்கிரிப்ஷனைக் கூகுள் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை. முடிவுகளின் பட்டியலில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி அதிலிருந்து வரக்கூடும் என்பதே அதன் பயன். அந்த இரண்டு வரியைப் படித்துத்தான் ஒருவர் உங்கள் பக்கத்தைத் தொடுவதா, அடுத்த கடையைத் தொடுவதா என்று முடிவு செய்கிறார். எனவே அது உங்கள் கடை வாசலில் நின்று ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசும் முதல் வாக்கியம் என்று எண்ணி எழுதுங்கள்.

உங்கள் தளத்தின் 18 பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் அந்தப் பக்கத்தில் மட்டும் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உங்கள் தந்தை வலந்தலை (வலப்பக்க முகம்), தொப்பி (இடப்பக்க முகம்), மூட்டு (முகத்தில் பொருத்தும் தோல் தொகுதி), வார் (இழுத்துக் கட்டும் தோல் பட்டை), கரணை (வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சு) என்று பேசுவார்; வாசிப்பவர்களுக்கும் அந்தச் சொற்கள் தெரியும். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளையை மிருதங்க வகுப்புக்கு அனுப்பும் வேளச்சேரித் தாய்க்கு அவை தெரியாது. அவர் "மிருதங்கம் ரிப்பேர்" என்றோ, "மிருதங்கம் தோல் கிழிந்துவிட்டது" என்றோதான் தட்டுவார். ஆகவே தலைப்பில் இரண்டு தரப்பாரின் சொல்லும் இருக்க வேண்டும்: "மிருதங்கம் ரிப்பேர், மூட்டு மாற்றுதல் – மயிலாப்பூர், சென்னை" என்பது போல. கடைப் பெயரைக் கடைசியில் சேருங்கள். இடம் போதாமல் வெட்டுப்பட்டால் அதுதான் வெட்டுப்பட வேண்டும்.

"கட்டை" என்ற சொல்லில் கவனமாக இருங்கள். பலா மரத்தில் கடைந்த உடலையும் கட்டை என்கிறோம், சுருதியையும் ஐந்து கட்டை, ஆறு கட்டை என்கிறோம். "கட்டை விற்பனைக்கு" என்று மட்டும் தலைப்பு வைத்தால் விறகுக்கடை என்று நினைப்பவர்கள்கூட இருப்பார்கள். "பலா மர மிருதங்கக் கட்டை" என்று முழுமையாக எழுதுங்கள்.

நீங்கள் எழுதியதைக் கூகுள் அப்படியே காட்டும் என்று உறுதி இல்லை. பக்கத்தில் உள்ள வேறொரு வாக்கியம் தேடியவருக்குப் பொருத்தம் என்று தோன்றினால் அதை எடுத்துக் காட்டும். 2021 ஆகஸ்டில் செய்த மாற்றத்துக்குப் பிறகு, தலைப்பையும் பக்கத்தின் பெரிய தலைப்பிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ எடுத்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். டைட்டிலும் பக்கத்தின் உள்ளே இருக்கும் தலைப்பும் உள்ளடக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் இந்த மாற்றம் குறைவாகவே நிகழும்.

தமிழா ஆங்கிலமா என்ற கேள்விக்கு என் கருத்து, ஒரே தலைப்பில் இரண்டையும் வையுங்கள் என்பதே. தமிழில் தேடுகிறவரும் ஆங்கிலத்தில் தேடுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வந்துவிடுவார்கள்.

மாடவீதி வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நிரலர் ஐயா ஐயப்பட்டது உண்மையாகிவிட்டது. "சேவைகள்" என்ற பிரிவின் கீழ் உள்ள 11 பக்கங்களிலும் நோஇண்டெக்ஸ் இருந்தது. ரோபோட்ஸ் கோப்பிலும் அதே கோப்புறை தடுக்கப்பட்டிருந்தது. பிளகினில் அந்தப் பக்க வகையைத் தேடலில் காட்டலாம் என்று மாற்றினேன். கோப்பில் அந்த ஒரு வரியை நீக்கினேன். முகப்பும் தொடர்புப் பக்கமும் மட்டும் ஏன் வந்தன என்பது இப்போதுதான் விளங்கியது. எட்டு மாதமாகக் கடையின் முக்கியமான பக்கங்களை நாங்களே மறைத்து வைத்திருந்திருக்கிறோம் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பிறகு சொல்லிவிட்டேன்.

தலைப்பு எல்லாப் பக்கங்களிலும் ஒன்றாகத்தான் இருந்தது. இன்றிரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதப்போகிறேன். நீளம் பற்றியும் அந்தக் கேள்விக்குறி பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

திருவல்லிக்கேணி அச்சகத்தார்

நீளம் பற்றியும் கேள்விக்குறி பற்றியும் நான் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் அச்சகத்தின் பழைய தளத்தை எழுத்துரு மாற்றி எடுத்து வந்தபோது இதே சிக்கலில் பல நாள் தவித்தேன். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டேப், டேம் என்று பல குறியாக்கங்களில் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். இப்போது யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் என்று, பக்கத்தின் குறியாக்கத்தைச் சொல்லும் சார்செட் மெட்டா டேக்கில் அறிவித்துவிட்டால் போதும். அந்த டேக் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. ஆகவே தலைப்புக்கும் மற்ற டேக்குகளுக்கும் மேலே அதை வையுங்கள். வேர்டுபிரஸ் தீம்கள் (தளத்தின் தோற்றத்துக்கான வடிவமைப்புத் தொகுப்புகள்) பெரும்பாலும் இதைச் சரியாகவே செய்துவிடுகின்றன.

உங்கள் கேள்விக்குறிக்குக் காரணம் வேறு. தமிழ் எழுத்துகளைக் கணினி எப்படி எண்ணுகிறது என்று பாருங்கள். "மிருதங்கம்" என்பதில் நாம் காண்பது ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அது 10 குறியீடு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால் 30 பைட். நீங்கள் டிஸ்கிரிப்ஷன் எழுதாத பக்கங்களில், உங்கள் தீம் பக்கத்தின் முதல் பத்தியை எடுத்துக் குறிப்பிட்ட பைட் அளவில் வெட்டுகிறது என்று நினைக்கிறேன். மூன்று பைட்டின் நடுவில் வெட்டு விழுந்தால் அந்த எழுத்து உடைந்து, கட்டத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும்.

நிரலரிடம் சொல்லி வெட்டும் கட்டளையை மாற்றச் சொல்லலாம். பைட்டை விட்டுவிட்டுக் குறியீடுகளை எண்ணி வெட்டும், பிஎச்பி நிரல்மொழியின் எம்பி (மல்டிபைட்) வகைக் கட்டளையைப் போட்டால் கேள்விக்குறி போய்விடும். ஆனால் அதிலும் "மிருதங்கம்" என்பதன் புள்ளி மட்டும் வெட்டுப்பட்டு "மிருதங்கம" என்று நிற்கலாம். பிஎச்பியில் கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) அடிப்படையில் வெட்டும் கட்டளை இருக்கிறது; அதுதான் நம் எழுத்தை எழுத்தாக மதிக்கிறது. எதுவாயினும், ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்களே டிஸ்கிரிப்ஷன் எழுதிவிட்டால் இந்தத் தானியங்கி வெட்டே தேவைப்படாது.

நீளத்துக்கும் இதே விளக்கம்தான். பிளகினின் சிவப்புக் கோடு ஆங்கில எழுத்து எண்ணிக்கையை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது; அது புள்ளியையும் குறியையும் தனித்தனியே எண்ணுகிறது. கூகுள் டிஸ்கிரிப்ஷனுக்கு நீள வரம்பு எதையும் வைக்கவில்லை. காட்டும்போது திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்கிறது. 2017 டிசம்பரில் இந்தத் துணுக்கு நீளத்தைக் கூட்டினார்கள், 2018 மே மாதம் மீண்டும் குறைத்தார்கள். ஆகவே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதுவதில் பொருளில்லை. நம் எழுத்துகள் அகலமானவை. முதல் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் என்ன வேலை, எந்த ஊர் என்பது வந்துவிடுமாறு எழுதிவிட்டு, பின்னால் வருவது வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுங்கள்.

ஒரே தலைப்பில் தமிழும் ஆங்கிலமும் வைக்கச் சொன்ன அடையாற்று அன்பரோடு நான் உடன்படவில்லை. அப்படி எழுதினால் தலைப்பு இரண்டு மடங்காகி, பாதிதான் தெரியும். எது தெரியும் என்பதும் நம் கையில் இல்லை. எங்கள் அச்சகத் தளத்தில் ஆறு மாதம் அப்படி வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்

அச்சகத்தார் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தலைப்பு நீளமாகிவிடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும், ஒரு குடும்பம் நடத்தும் பட்டறை 18 பக்கங்களையும் இரண்டு மொழியில் பராமரிக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். பாதி மொழிபெயர்த்துக் கைவிடப்பட்ட ஆங்கிலப் பக்கம், இல்லாத பக்கத்தைவிட மோசமானது.

தரமணி நிரலர்

இருவர் சொல்வதையும் சேர்த்து ஒரு நடைமுறை வழி சொல்கிறேன். பக்கத்தின் மொழியை டேக்கில் நாம் எழுதும் குறியை வைத்துக் கூகுள் முடிவு செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியும் உரையைப் படித்தே முடிவு செய்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு மொழியே இருக்கட்டும், மொழிபெயர்ப்பை அருகருகே வைக்க வேண்டாம் என்பதுதான் அவர்களுடைய பரிந்துரையும். எனவே 18 பக்கங்களையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வருகிறவர்கள் தேடக்கூடிய மூன்று பக்கங்களை மட்டும், அதாவது பழுது பார்த்தல், புதிய மிருதங்கம், பட்டறைக்கு வரும் வழி ஆகியவற்றை மட்டும், தனி முகவரியில் முழுமையான ஆங்கிலப் பக்கங்களாக எழுதுங்கள். அவற்றுக்கும் தமிழ்ப் பக்கங்களுக்கும் இடையே எச்ரெஃப்லாங் (இது அதே பக்கத்தின் வேறு மொழி வடிவம் என்று சொல்லும் குறி) இணைப்பு கொடுங்கள். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருபக்கமாகச் சுட்டினால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. பக்கத்தின் மூல முகவரி இதுதான் என்று சொல்லும் கேனானிகல் டேக்கில் ஒவ்வொரு பக்கமும் தன் முகவரியையே குறிப்பிட வேண்டும். ஆங்கிலப் பக்கத்தின் கேனானிகலில் தமிழ்ப் பக்கத்தின் முகவரியை வைத்துவிட்டு, ஆங்கிலப் பக்கம் வரவில்லை என்று வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் படம் வராததற்குக் காரணம் ஓஜி டேக்குகள் இல்லாததாக இருக்கலாம். ஃபேஸ்புக் 2010இல் அறிமுகப்படுத்திய ஓப்பன் கிராஃப் முறை அது. வாட்ஸ்அப்பும் அதையே படிக்கிறது. ஓஜி டைட்டில், ஓஜி டிஸ்கிரிப்ஷன், ஓஜி இமேஜ் மூன்றையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கொடுங்கள். படத்தின் முகவரி முழுமையாக இருக்க வேண்டும், கோப்பும் கனமாக இருக்கக் கூடாது. கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள் வராமல் போவதுண்டு.

பக்கத்தைக் கைபேசித் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் டேக் இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூகுள் இப்போது தளங்களின் கைபேசி வடிவத்தைத்தான் படித்து அட்டவணையிடுகிறது.

எல்லாம் முடிந்ததும் சர்ச் கன்சோலில் ஒவ்வொரு முகவரியையும் கொடுத்து, அட்டவணையில் சேர்க்கும்படி கோருங்கள். சில நாளிலும் நடக்கலாம், சில வாரமும் ஆகலாம். ஒரே முகவரியை மீண்டும் மீண்டும் கொடுப்பதால் விரைவு கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மெட்டா டேக்குகள் உங்கள் பக்கம் எதைப் பற்றியது என்று சரியாகத் தெரிவிக்கும். பக்கத்தில் இல்லாத தகுதியை அவை உண்டாக்கித் தராது. மூட்டு மாற்ற எத்தனை நாள் ஆகும், பழைய மிருதங்கத்தை எடுத்து வரும்போது எப்படிக் கட்டி எடுத்து வர வேண்டும் என்பவற்றை உங்கள் தந்தையிடம் கேட்டு அந்தப் பக்கங்களிலேயே எழுதினால், தலைப்புக்கும் டிஸ்கிரிப்ஷனுக்கும் சொற்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

மாடவீதி வாசி

19 நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். 11 சேவைப் பக்கங்களில் 9 பக்கங்கள் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. "மிருதங்கம் மூட்டு மாற்ற மயிலாப்பூர்" என்று தேடினால் எங்கள் பக்கம் முதல் பக்கத்திலேயே வருகிறது. "மிருதங்கம் ரிப்பேர் சென்னை" என்பதற்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறோம். ஆங்கிலப் பக்கங்களில் ஒன்றை மட்டும் இதுவரை முடித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் வருகிறது. நீங்கள் சொன்னது போலப் படக் கோப்பு மிகப் பெரியதாக இருந்ததுதான் காரணம். கேள்விக்குறியும் மறைந்துவிட்டது.

டிஸ்கிரிப்ஷன்களை எழுதி முடித்ததும் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "ரிப்பேர்" என்ற சொல்லை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் "உங்கள் பழைய மிருதங்கம் புதியது போலாகும்" என்று நான் எழுதியிருந்த தொடரை நீக்கச் சொன்னார். கட்டையில் வெடிப்பு விழுந்துவிட்டால் மூட்டை மாற்றினாலும் பழைய நாதம் முழுமையாக வராது. அதைப் பார்த்து வருகிறவரிடம் நாம் எப்படி அந்த வார்த்தையைக் காப்பாற்றுவது என்று கேட்டார். இப்போது அந்தப் பக்கத்தின் டிஸ்கிரிப்ஷன் அவர் சொன்னபடியே இருக்கிறது: "மயிலாப்பூரில் மிருதங்கம் ரிப்பேர். வலந்தலை, தொப்பி மூட்டு மாற்றுதல், வார் இறுக்குதல், கரணை போடுதல். கட்டையைப் பார்த்த பிறகே செலவும் நாளும் சொல்லப்படும்."